படிகம் காட்டிய வாயில்

நுழையும்முன்

கண்ணுக்குப் புலப்படாத ஒன்றின் வடிவத்தை அறிவது எங்ஙனம்? அதனைப் பெருந்திரளாகச் சேர்த்து, ஒரே சீராக அணிவகுத்து நிற்கச் செய்து, அந்த அணிவகுப்பின்மீது எக்ஸ் கதிரைச் செலுத்துவது அறிவியல் கண்ட வழிகளுள் ஒன்று. அவ்வாறு அணிவகுத்து நிற்க எளிதில் இசையாதவை செல்லின் சவ்வில் பதிந்துள்ள புரதங்கள். தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் மிகுந்து காணப்படும் புளோரைடை ஒரு நுண்ணுயிர் எவ்வாறு வெளியேற்றுகிறது என்னும் வினாவின் வழியே, சவ்வுப் புரதங்களைப் படிகமாக வளர்க்கும் அரிய கலையை இப்பாடம் விளக்குகிறது.

கிணற்று நீரும் பற்கறையும்

தகடூர் என்னும் பழம்பெயர் கொண்ட தருமபுரி, கடினப் பாறைகளின்மேல் அமைந்த நிலப்பகுதி. இப்பாறைகளில் உள்ள கனிமங்கள் சிலவற்றில் புளோரின் என்னும் தனிமம் அடங்கியுள்ளது. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே கீழிறங்கி நெடுங்காலம் தங்கும்போது, அக்கனிமங்களிலிருந்து புளோரைடு சிறிது சிறிதாக நீரில் கரைகிறது. மழை குறைந்து, ஆழ்துளைக் கிணறுகளையே மக்கள் நம்பியிருக்கும் ஊர்களில் இந்நீரே குடிநீராகவும் சமையல் நீராகவும் பயன்பட்டு வந்தது.

புளோரைடு முற்றிலும் தீயதன்று. சிறிய அளவில் அது பற்சிதைவைத் தடுக்க உதவுகிறது; அதனாற்றான் பற்பசைகளில் அது சேர்க்கப்படுகிறது. அளவு மிகும்போதுதான் இடர் தோன்றுகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருத்தல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1 மில்லிகிராம் என்பதையே ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாதவிடத்து 1.5 மில்லிகிராம் என்பதை உச்ச வரம்பாகவும் கொண்டுள்ளது.

இவ்வரம்பு மீறிய நீரைக் குழந்தைப் பருவம் முதல் பருகுவோரின் பற்களில் வெண்புள்ளிகளும் பழுப்புக் கறைகளும் தோன்றுகின்றன. நிலையான பற்கள் ஈறுக்குள் உருவாகும் காலத்திலேயே இக்கறை பதிந்துவிடுவதால், எத்துணை முறை துலக்கினாலும் அது நீங்குவதில்லை. ஆண்டுகள் பல கடக்கும்போது மூட்டுகள் இறுகுகின்றன, முதுகெலும்பு விறைக்கிறது, சிலருக்குக் கால் எலும்புகள் வளைகின்றன. இந்நோய் புளோரோசிஸ் எனப்படுகிறது. இந்தியாவில் இந்நோய் குறித்த ஆய்வறிக்கை 1937ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்து மக்களை ஆராய்ந்து ஷார்ட் முதலிய மருத்துவ அறிஞர்கள் அதனை எழுதினர்.

மனிதன் உட்கொள்ளும் புளோரைடில் ஒரு பகுதியைச் சிறுநீரகங்கள் வெளியேற்றுகின்றன. உடலில் தங்கிவிடும் புளோரைடில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலுமே சேர்கிறது. இங்கு ஒரு வினா எழுகிறது. புளோரைடு கலந்த மண்ணிலும் நீரிலும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்துவரும் நுண்ணுயிர்கள் அதனிடமிருந்து எவ்வாறு தப்பின? அவ்வினாவுக்கான விடை, செல்லைச் சூழ்ந்துள்ள ஒரு மெல்லிய சவ்வில் இருக்கிறது.

செல்லின் மதிலும் வாயிலும்

ஒவ்வொரு செல்லையும் சூழ்ந்து நிற்கும் மதில் அதன் சவ்வு. இதன் தடிமன் ஏறத்தாழ 5 நானோமீட்டர். 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு தாளுக்கு ஈடாக வேண்டுமாயின் இருபதாயிரம் சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும். கொழுப்பு வகையைச் சார்ந்த மூலக்கூறுகள் இரண்டு அடுக்குகளாக அமைந்து இச்சவ்வை உருவாக்குகின்றன. அம்மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் வாலும் உண்டு. தலைகள் இருபுறமும் நீரை நோக்கி நிற்க, வால்கள் உள்ளே ஒளிந்துகொள்கின்றன. ஆகவே சவ்வின் நடுப்பகுதி எண்ணெய் போன்றது. மின்னூட்டம் பெற்ற அயனிகள் அதனைக் கடந்து செல்லுதல் மிக அரிது.

மதில் மட்டும் இருந்தால் கோட்டைக்குள் வாழ்வு நடவாது. வாயில்களும் காவலரும் வேண்டும். அப்பணியைச் செய்பவை சவ்வுப் புரதங்கள். உப்புகளின் போக்குவரத்து, சர்க்கரையின் நுழைவு, நரம்பின் துடிப்பு, கண்ணில் ஒளியுணர்வு, இலையில் ஒளிச்சேர்க்கை ஆகிய யாவற்றிலும் இவற்றின் பங்கு உண்டு. ஓர் உயிரியின் மரபணுக்கள் உருவாக்கும் புரதங்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சவ்வுப் புரதங்களே. இன்று வழக்கிலுள்ள மருந்துகளுள் பாதிக்கும் மேற்பட்டவை இவற்றின்மீதே செயற்படுகின்றன.

நுண்ணுயிரின் தற்காப்பு

புளோரைடு அயனி தானே சவ்வைக் கடப்பதில்லை. எனினும் அமிலத்தன்மை மிக்க சூழலில் அது ஹைட்ரஜனோடு இணைந்து, மின்னூட்டமற்ற ஹைட்ரஜன் புளோரைடாக மாறுகிறது. இம்மாற்றுருவில் அது சவ்வை எளிதில் ஊடுருவுகிறது. செல்லின் உட்புறம் அமிலத்தன்மை குறைவு. ஆதலால் உள்ளே நுழைந்ததும் மீண்டும் பிரிந்து புளோரைடு அயனியாகிறது. மின்னூட்டம் பெற்ற அந்த அயனி வந்த வழியே திரும்ப இயலாது உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. மீன் நுழையும், ஆனால் வெளியேற இயலாது என்ற முறையில் முடையப்பட்ட மீன்கூட்டை இது ஒத்தது. உள்ளே சேர்ந்த புளோரைடு, சர்க்கரையிலிருந்து ஆற்றல் பெற உதவும் எனோலேஸ் முதலிய நொதிகளை முடக்குகிறது.

2012ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்டு பிரேக்கர் குழுவினர் ஓர் உண்மையை வெளியிட்டனர். செல்லுக்குள் புளோரைடு சேர்வதை உணர்ந்து, சில மரபணுக்களை இயங்கச் செய்யும் விசை பாக்டீரியாக்கள் பலவற்றில் உள்ளது என்பதே அது. அம்மரபணுக்கள் உருவாக்கும் புரதங்களுள் ஒன்று, புளோரைடை வெளியேற்றும் வாயில் என்பதைப் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் மில்லர் குழுவினர் அடுத்த ஆண்டில் நிறுவினர். ஃபுளுக் என்று பெயரிடப்பட்ட அப்புரதம் ஓர் அயனிக் கால்வாய். அது புளோரைடுக்கு வழிவிடும். புளோரைடின் நெருங்கிய உறவான குளோரைடுக்கோ வழிவிடாது. இவ்விரண்டினிடையே அது காட்டும் வேறுபாடு பத்தாயிரம் மடங்கிற்கும் மேற்பட்டது.

ஈஸ்டுகளிலும் தாவரங்களிலும் இதனோடு உறவுடைய வேறொரு புரதம் உண்டு. மனிதச் செல்களில் இத்தகைய வாயில் எதுவும் கண்டறியப்படவில்லை. மிகச் சிறிய பாக்டீரியாவுக்கு வாய்த்த தற்காப்பு மனிதனுக்கு வாய்க்கவில்லை.

புளோரைடும் குளோரைடும் ஒரே குடும்பத்தன. ஒரே அளவு மின்னூட்டம் உடையன. புளோரைடு சற்றே சிறியது. இந்நுண்ணிய வேறுபாட்டை அவ்வாயில் எவ்வாறு அறிகிறது? இதற்கு விடை காணவேண்டுமாயின் அவ்வாயிலின் அணுக்கள் ஒவ்வொன்றும் எங்கே இருக்கின்றன என்பதைக் காணவேண்டும்.

காண்பது எங்ஙனம்?

கண்ணால் காணத்தக்க ஒளியின் அலைநீளம் 4000 ஆங்ஸ்ட்ராம் முதல் 7000 ஆங்ஸ்ட்ராம் வரையிலானது. ஓர் அணுவுக்கும் அதனோடு பிணைந்த மற்றோர் அணுவுக்கும் உள்ள தொலைவோ ஓரிரு ஆங்ஸ்ட்ராம் மட்டுமே. ஆகவே எத்துணைச் சிறந்த ஒளி நுண்ணோக்கியும் அணுக்களைப் பிரித்துக் காட்டாது. எக்ஸ் கதிர்களின் அலைநீளம் அணுக்களின் இடைவெளிக்கு ஒத்தது. படிகத்தின்மீது விழும் எக்ஸ் கதிர்கள் சிதறி, ஒரு திரையில் ஒழுங்கான புள்ளிகளாகப் பதியும் என்பதை ஜெர்மானிய அறிவியலாளர் லாவே 1912ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அப்புள்ளிகளின் இடத்தையும் செறிவையும் அளந்து, கணக்கிட்டு, அணுக்களின் இருப்பிடத்தைப் பெறலாம் என்பதை பிராக் என்னும் தந்தையும் மகனும் நிறுவினர்.

இதற்குப் படிகம் ஏன் வேண்டும்? ஒரு தனி மூலக்கூறு சிதறடிக்கும் கதிர் அளக்க இயலாத அளவுக்கு நலிந்தது. ஒருவரின் குரல் திருவிழாக் கூட்டத்தில் கேளாது. ஆயிரவர் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் ஒலித்தால் ஊரெங்கும் கேட்கும். ஒவ்வொரு பக்கமும் 0.1 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு புரதப் படிகத்தில் ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடி அடிப்படை அலகுகள் ஒரே முகமாக அணிவகுத்து நிற்கின்றன. அவை சேர்ந்து எழுப்பும் ஒலியே திரையில் புள்ளிகளாகப் பதிகிறது.

படிகம் உருவாவது தமிழ்நாட்டு மக்களுக்குப் புதிதன்று. வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் உப்பளப் பாத்திகளில் கடல்நீர் வெயிலால் வற்றுகிறது. நீர் தாங்கக்கூடிய அளவைக் கடந்ததும் உப்பு படிகமாகிறது. பதநீரைக் காய்ச்சிப் பாகாக்கி, நூல் தொங்கும் கலத்தில் பல நாள் அசையாது வைத்தால் நூலைப் பற்றிக்கொண்டு பனங்கற்கண்டு வளர்கிறது. விரைந்து வற்றினால் பொடியும், மெல்ல வற்றினால் பெரும்படிகமும் கிடைக்கும் என்பதை உப்பளத் தொழிலாளரும் கற்கண்டு செய்வோரும் பட்டறிவால் அறிவர். புரதப் படிகம் வளர்ப்பதற்கும் அடிப்படை இதுவே. ஆனால் அதில் இடையூறுகள் மிகுதி.

சவ்வுப் புரதத்தின் பிடிவாதம்

உப்பும் சர்க்கரையும் சிறிய, உறுதியான துகள்கள். புரதமோ ஆயிரக்கணக்கான அணுக்களால் ஆகிய, நெகிழ்ந்து மடங்கிய பெரிய மூலக்கூறு. புரதப் படிகத்தின் உள்ளே ஏறத்தாழப் பாதி நீரே. உலர்ந்தால் அதன் ஒழுங்கு குலைந்துவிடும். 1934ஆம் ஆண்டில் பெர்னல், டோரத்தி குரோஃபூட் ஆகிய இருவரும் பெப்சின் படிகத்தை அதன் தாய்க்கரைசலிலேயே ஈரமாக வைத்துப் படம் எடுத்த பின்னரே புரதங்களிலிருந்து தெளிவான புள்ளிகள் கிடைத்தன. மயோகுளோபின் என்னும் புரதத்தின் முதல் தோராய வடிவத்தை ஜான் கெண்ட்ரூ 1958ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

மயோகுளோபின் நீரில் கரைவது. சவ்வுப் புரதமோ இருவகை இயல்புகளை ஒருங்கே உடையது. சவ்வுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி நீரை விரும்பும். சவ்வினுள் பதிந்த பகுதி நீரை வெறுக்கும். சவ்விலிருந்து பிரித்து நீரில் இட்டால் நீரை வெறுக்கும் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, புரதம் திரண்டு கெட்டியாகி வடிவிழந்துவிடும். எண்ணெயில் இட்டால் மறுபகுதி இசையாது.

இதற்கு உதவியது, எண்ணெய்ப் பிசுக்கை நீக்கச் சலவைக்குப் பயன்படும் பொருளின் தத்துவமே. டிடர்ஜெண்ட் மூலக்கூறுகளுக்கும் நீரை விரும்பும் தலையும் வெறுக்கும் வாலும் உண்டு. அவை புரதத்தின் இடையைச் சுற்றி அரைக்கச்சை போலச் சூழ்ந்துகொண்டு, அதனை நீரில் மிதக்கச் செய்கின்றன. எனினும் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. படிகத்தில் ஒரு மூலக்கூறு மற்றொன்றை உறுதியாகத் தொட்டு நிற்கவேண்டும். வழுக்கும் கச்சை புரதத்தின் பெரும்பகுதியை மறைத்துவிடுவதால், தொட்டு நிற்பதற்குரிய இடம் மிகவும் குறைந்துவிடுகிறது.

இத்தடைகளைக் கடந்து முதல் வெற்றி கண்டவர் ஹார்ட்மூட் மிஷெல். ஒளிச்சேர்க்கை செய்யும் ஒரு பாக்டீரியாவின் சவ்விலுள்ள ஒளிவினை மையம் என்னும் புரதத் தொகுதியை அவர் படிகமாக்கி, 1982ஆம் ஆண்டில் அறிவித்தார். யோகான் டைசன்ஹோஃபர், ராபர்ட் ஹூபர் ஆகியோருடன் இணைந்து அதன் அணு வடிவத்தை 1985ஆம் ஆண்டில் வெளியிட்டார். மூவருக்கும் 1988ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மயோகுளோபினின் முதல் வடிவத்துக்கும் இதற்கும் இடைப்பட்ட காலம் 27 ஆண்டுகள். சவ்வுப் புரதத்தின் பிடிவாதத்துக்கு இவ்விடைவெளியே சான்று.

படிகம் வளர்க்கும் முறை

சவ்வுப் புரதத்தைப் படிகமாக்கும் பணி பல படிநிலைகளை உடையது.

முதலாவது, புரதத்தைப் பெறுதல். அதற்குரிய மரபணுவை எளிதில் பெருகும் ஒரு பாக்டீரியாவில் செலுத்தி, லிட்டர் கணக்கில் வளர்க்கின்றனர். அத்துணை வளர்ப்புநீரிலிருந்தும் பெரும்பாலும் சில மில்லிகிராம் புரதமே கிடைக்கும்.

இரண்டாவது, பிரித்துத் தூய்மையாக்கல். செல்களை உடைத்து, டிடர்ஜெண்ட் சேர்த்து, சவ்விலிருந்து புரதத்தை வெளிக்கொணர்கின்றனர். பின்னர் அதனை நுண்மணிகள் நிரம்பிய குழாய்களில் ஊற்றி, மற்றப் புரதங்களிலிருந்து பிரிக்கின்றனர். நூற்றுக்கணக்கான டிடர்ஜெண்ட்டுகளுள் எது அப்புரதத்தை வடிவம் குலையாமல் காக்கும் என்பதை முயன்று பார்த்தே அறியவேண்டும்.

மூன்றாவது, துளி அமைத்தல். தூய புரதக் கரைசலில் ஒரு மைக்ரோலிட்டர் அல்லது அதனினும் குறைந்த அளவை எடுத்து, புரதத்தைக் கரைசலிலிருந்து பிரியத் தூண்டும் பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற பொருளின் கரைசலோடு சம அளவில் கலக்கின்றனர். இத்துளியை ஒரு கண்ணாடி வில்லையில் இட்டு, அதே பொருளின் செறிந்த கரைசல் உள்ள குழியின்மேல் கவிழ்த்து மூடுகின்றனர். துளியிலுள்ள நீர் ஆவியாகிக் குழியிலுள்ள கரைசலைச் சென்றடைகிறது. துளி மெல்ல மெல்லச் செறிகிறது. உப்பளத்தில் வெயில் செய்யும் வேலையை இங்கு மூடிய குழி செய்கிறது. ஆனால் மிகவும் நிதானமாகச் செய்கிறது.

நான்காவது, காத்திருத்தல். செறிவு ஓர் எல்லையைக் கடந்ததும் சில மூலக்கூறுகள் ஒழுங்காகச் சேர்ந்து படிக வித்தாக அமையும். அவ்வித்தின்மேல் பிற மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகப் படிந்து படிகம் வளரும். வித்துகள் மிகுந்தால் பயனற்ற நுண்படிகங்களே கிடைக்கும். செறிவு சட்டென மிகுந்தால் புரதம் வண்டலாகப் படியும். செறிவு குறைந்தால் துளி தெளிந்தே இருக்கும். அமிலத்தன்மை, உப்பின் வகை, வெப்பநிலை ஆகியவற்றுள் எது சிறிது மாறினாலும் விளைவு மாறும். ஆகவே 96 குழிகள் கொண்ட தட்டுகளில், குழிக்கொரு கலவையாக இட்டு, நாள்தோறும் நுண்ணோக்கியில் பார்த்துக் குறித்து வைக்கின்றனர். ஆயிரக்கணக்கான துளிகளுள் ஒன்றிரண்டில் படிகம் தோன்றுவதே பெரும்பேறு. சில நாள்களில் தோன்றுவதும் உண்டு. மாதக்கணக்கில் ஆவதும் உண்டு.

ஐந்தாவது, கதிர் செலுத்துதல். படிகத்தை நுண்ணிய வளையத்தால் அள்ளி, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, சின்க்ரோட்ரான் என்னும் ஆற்றல்மிக்க எக்ஸ் கதிர்க் கூடத்துக்குக் கொண்டுசெல்கின்றனர். இந்தியாவில் இந்தூர் நகரிலுள்ள இன்டஸ்-2 என்னும் கூடத்தில் புரதப் படிகங்களை ஆராயும் வசதி உண்டு. அழகிய படிகமாகத் தோன்றுவது கதிரின்முன் ஒழுங்கற்றதாகப் போவதும் இப்பணியில் வழக்கமே. அப்போது மீண்டும் முதற்படியிலிருந்து தொடங்கவேண்டும்.

> தெரியுமா?
>
> டிடர்ஜெண்ட்டுக்கு மாற்றாக, சவ்வை ஒத்த சூழலிலேயே படிகத்தை வளர்க்கும் முறையை லாண்டாவ், ரோசன்புஷ் ஆகியோர் 1996ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தினர். ஒருவகைக் கொழுப்பையும் நீரையும் குறித்த அளவில் கலந்தால் பற்பசை போன்ற கெட்டியான பொருள் கிடைக்கிறது. அதனுள் சவ்வு போன்ற அடுக்குகள் முப்பரிமாண வலையாகப் பின்னிக் கிடக்கின்றன. புரதங்கள் அவ்வலையினூடே நகர்ந்து ஒன்றுசேர்ந்து படிகமாகின்றன. அட்ரினலினை உணரும் ஏற்பிப் புரதத்தின் வடிவத்தைப் பிரையன் கோபில்கா குழுவினர் 2007ஆம் ஆண்டில் கண்டதற்கு இம்முறையும் துணைநின்றது. கோபில்கா 2012ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இரட்டைக் குழல் வாயில்

ஃபுளுக் புரதம் மிகச் சிறியது. அதன் பெரும்பகுதி சவ்வுக்குள்ளேயே பதிந்தது. படிகத்தில் ஒன்றையொன்று தொட்டு நிற்க வெளியே நீட்டிய பகுதி அதற்கு இல்லை எனலாம். எனவே ஆராய்ச்சியாளர்கள் ஒரு துணையைத் தேடினர். மனித உடலிலுள்ள பைப்ரோனெக்டின் என்னும் புரதத்தின் ஒரு சிறு பகுதியை அடிப்படையாகக் கொண்டு, ஃபுளுக் புரதத்தை மட்டும் இறுகப் பற்றும் சிறு புரதங்களை அவர்கள் உருவாக்கினர். இவை மோனோபாடி எனப்படும். நீரை விரும்பும் இத்துணைப் புரதம் வாயிலின் முனையைப் பற்றிக்கொண்டு வெளியே நீட்டி நிற்க, அதன் வாயிலாக மூலக்கூறுகள் ஒன்றையொன்று தொட்டு அணிவகுத்தன. கைப்பிடி இல்லாத பாத்திரத்துக்குக் கைப்பிடி பொருத்தியதை ஒத்தது இச்செயல்.

கக்குவான் இருமலை உண்டாக்கும் பாக்டீரியாவின் ஃபுளுக் புரதமும், ஈ.கோலை பாக்டீரியாவில் காணப்படும் மற்றொன்றும் இவ்வாறு படிகமாயின. ராண்டி ஸ்டாக்பிரிட்ஜ், கிறிஸ்டோபர் மில்லர் முதலியோர் அவற்றின் வடிவத்தை 2015ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

படிகம் காட்டிய வடிவம் வியப்புக்குரியது. ஒரே வகையான இரண்டு புரதங்கள், ஒன்றன் தலைமாட்டில் மற்றொன்றன் கால்மாடு இருக்குமாறு, தலைகீழாக இணைந்து வாயிலை அமைத்துள்ளன. நடுவே ஒரு வழி இருக்கும் என்று எதிர்பார்க்கத்தக்க இடத்தில் வழி இல்லை. அங்கு ஒரு சோடியம் அயனி இருபுரதங்களையும் பிணைத்து நிற்கிறது. அதன் இருமருங்கிலும் இரண்டு தனித்தனிக் குழல்கள் உள்ளன. இவ்வாறு இரட்டைக் குழல் துப்பாக்கியைப் போன்ற அமைப்பை அது பெற்றுள்ளது. அக்குழல்கள் மிகக் குறுகியவை. அவற்றின் சுவரில் பீனைல் அலனின் என்னும் அமினோ அமிலத்தின் வளையங்கள் விளிம்பைக் காட்டி நிற்கின்றன. அவ்விளிம்பில் உள்ள சிறிதளவு நேர்மின் தன்மை, எதிர்மின்னூட்டம் கொண்ட புளோரைடை வரவேற்கிறது. நீரை வெறுக்கும் இயல்புடைய வளையம் ஓர் அயனிக்கு இடம் தருதல் உயிரியலில் அரிய காட்சி.

நுண்ணுயிருக்கு இருந்து மனிதருக்கு இல்லாத வாயில் என்பதால் இவ்வறிவுக்கு மருத்துவப் பயனும் உண்டாகலாம். இவ்வாயிலை அடைக்கும் ஒரு மருந்து கிடைப்பின், தீமை செய்யும் பாக்டீரியா தன்னுள் சேரும் புளோரைடாலேயே வலுவிழக்கும். மனிதச் செல்லில் அவ்வாயில் இன்மையால் அம்மருந்துக்கு அங்கு வேலை இராது. இவ்வெண்ணம் இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

சென்னை தந்த அளவுகோல்

படிகத்திலிருந்து பெறப்பட்ட வடிவம் சரியானதா என்று சோதிப்பதற்கு உலகெங்கும் பயன்படும் அளவுகோல் சென்னையில் பிறந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் கோ. நா. இராமச்சந்திரன், சென்னைக்கு வந்திருந்த பெர்னலின் உரையாடலால் தூண்டப்பட்டு, தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தை ஆராயத் தொடங்கினார். கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து, அது முப்புரிக் கயிறு போன்ற அமைப்புடையது என்பதை 1954ஆம் ஆண்டில் வெளியிட்டார். அப்பெர்னலே புரதப் படிகத்தை ஈரத்தோடு ஆராயும் வழியைக் காட்டியவருள் ஒருவர் என்பது நினைவுகூரத்தக்கது.

பின்னர் இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் வேறொரு வினாவை எழுப்பினர். புரதச் சங்கிலியின் கணுக்கள் எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம்? இரண்டு அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதா வண்ணம் அமையும் கோணங்கள் எவை என்பதைக் கணக்கிட்டு, அவற்றை ஒரு வரைபடமாக 1963ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இராமச்சந்திரன் வரைபடம் எனப்படும் அது, அனுமதிக்கத்தக்க பகுதி இது, இயலாத பகுதி இது என்று பிரித்துக் காட்டுகிறது. 1971இல் தொடங்கப்பட்ட உலகப் புரதத் தரவு வங்கியில் இன்று இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் உள்ளன. அவ்வங்கிக்கு வரும் புரத வடிவங்களைச் சரிபார்க்கும் சோதனைகளுள் இவ்வரைபடமும் ஒன்று. புளோரைடு வாயிலும் இதற்கு விலக்கன்று.

புதிய வழிகள்

படிகம் வளர்த்தல் ஒன்றே வழி என்ற நிலை இன்று இல்லை. புரதங்களை உறைந்த நீர்ப்படலத்தில் வைத்து மின்னணு நுண்ணோக்கியால் இலட்சக்கணக்கில் படமெடுத்து, அவற்றைக் கணினியில் ஒன்றுசேர்த்து வடிவம் காணும் முறை வளர்ந்துள்ளது. அதற்காகத் துபோஷே, ஃபிராங்க், ஹெண்டர்சன் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. அமினோ அமில வரிசையைக் கொண்டே வடிவத்தை முன்கூட்டிச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு முறைக்கு அப்பரிசின் ஒரு பகுதி 2024ஆம் ஆண்டில் வழங்கப்பட்டது.

எனினும் ஃபுளுக் போன்ற மிகச் சிறிய புரதங்கள் மின்னணு நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரிவது அரிது. கணினி சொல்லும் வடிவமும் மெய்யான தரவுகளால் உறுதிசெய்யப்பட வேண்டியதே. அக்கணினிகள் கற்றுக்கொண்ட பாடமும் பல்லாண்டுக் காலமாகப் பொறுமையோடு படிகம் வளர்த்தோர் சேமித்து வைத்த வடிவங்களிலிருந்து பெற்றதே ஆகும்.

அறிவும் நீரும்

வாயிலின் வடிவம் தெரிந்ததனால் தருமபுரியின் கிணற்று நீர் இனிமையாகிவிடவில்லை. அங்குள்ள மக்களைக் காக்கும் வழி, புளோரைடு குறைந்த நீரை வீடுதோறும் கொண்டு சேர்ப்பதே. காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களின் ஊர்களுக்கும் குழாய் வழியே கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தடுப்புத் திட்டம் அந்நோக்கில் அமைந்தது. ஜப்பான் நாட்டுப் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு நிறைவேறிய அத்திட்டம் 2013ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது. முன்னரே படிந்துவிட்ட பற்கறையையும் இறுகிவிட்ட மூட்டையும் அந்நீர் மாற்றாது. ஆனால் இனிப் பிறக்கும் குழந்தைகளின் பற்களையும் எலும்புகளையும் காக்கும்.

இவ்விரு முயற்சிகளும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. குழாய் நீர் இன்றைய தேவையை நிறைவேற்றுகிறது. ஒரு நஞ்சு உயிரினுள் எவ்வாறு நுழைகிறது, எந்த நொதியை முடக்குகிறது, ஓர் உயிர் அதனை எவ்வழியே வெளியேற்றுகிறது என்னும் அறிவோ, அந்நீரில் எத்துணை அளவைப் பொறுக்கலாம், எதனைப் பொறுக்கலாகாது என்று துணிவதற்குத் துணையாகிறது. மனிதச் செல்லுக்கு அவ்வாயில் இல்லை என்பதை அறிந்த சமூகம், உடல் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் என்று வாளாவிருத்தல் இயலாது. உள்ளே வாயில் இல்லாதவிடத்து, வெளியே நீரைத் தூய்மையாக்கும் பொறுப்பு சமூகத்தைச் சேர்ந்ததாகிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரின் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பதையும், அதன் புளோரைடு அளவு சோதிக்கப்பட்டுள்ளதா என்பதையும் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டறிந்து ஓர் அறிக்கை எழுதுக.
2. சர்க்கரைப் பாகை நூல் தொங்கவிட்ட இரு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி, ஒன்றை மூடியும் மற்றொன்றைத் திறந்தும் வைத்துப் பத்து நாள்கள் உற்றுநோக்குக. இரண்டிலும் தோன்றும் படிகங்களின் அளவை ஒப்பிட்டுக் காரணம் கூறுக.
3. ‘சவ்வுப் புரதத்தைப் படிகமாக்குதல் ஏன் கடினம்?’ என்பதை அறிவியல் பயிலாத ஒருவருக்கு விளங்கும்படி, உங்கள் வட்டார உவமைகளைக் கொண்டு ஒரு பக்க அளவில் எழுதுக.
4. ‘உடனடிப் பயன் தராத ஆய்வுக்குப் பொதுப்பணம் செலவிடலாமா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.